ஹேஜின் மேடம் கொடுத்த சூப்பு

ஆபரேஷனில் பெண் குழந்தை பெற்ற அனுஷாவுக்கு ஆறு நாளாக எதைச் சாப்பிட்டாலும் குமட்டியது. பாலும் சரியாகச் சுரக்கவில்லை. குழந்தை அழுதுகொண்டே கிடந்தது.

அவள் அம்மா உலகம்மாள், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு கொரிய எஞ்சினியர் வீட்டில் பாத்திரம் துலக்கினாள். எஞ்சினியர் மனைவி ஹேஜின் மேடத்தோடு பேச, போனில் மொழிபெயர்க்கும் குரல்தான் துணை. மகள் சாப்பிடாததை அப்படித்தான் சொன்னாள்.

மறுநாள் மேடம் ஒரு தூக்குவாளியைக் கொடுத்தாள். "கடல்பாசி சூப். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு இதுதான்" என்றது போன்.

கரும்பச்சைப் பாசிக்கு நடுவே மெல்லிய துண்டுகள் கிடந்தன. காளான் என்று நினைத்துக்கொண்டாள் உலகம்மாள். அனுஷா ஒரு வாய் குடித்தாள். குமட்டவில்லை. இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத் தூங்கினாள். அடுத்தடுத்த நாளும் சூப்பு வந்தது. குழந்தையின் அழுகையும் குறைந்தது.

நான்காம் நாள் மேடம் வீட்டு டிரைவர் ஹரிகுமாரே வாளியோடு வந்தான்.

"வெறும் பாசியில இம்புட்டு சத்தா!" என்றாள் உலகம்மாள்.

"பாசி மாத்திரமில்ல சேச்சி, பீஃபும் உண்டு. நான்தானே வாங்கிக் கொடுத்தது?"

உலகம்மாள் வீட்டில் மாட்டுக்கறி நுழைந்ததே இல்லை. நேற்று உப்புப் பார்க்கிறேன் என்று அவளும் அரைக் கிண்ணம் குடித்திருந்தாள். குழாயடிக்கு ஓடி வாயைக் கொப்பளித்தாள், கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்தபோது அனுஷா வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"வயித்துல நின்னது இது ஒண்ணுதானம்மா" என்றாள்.

மறுநாள் வேலையை விட்டுவிடுகிற முடிவோடு போன உலகம்மாள், நடந்ததைப் போனிடம் படபடவென்று கொட்டினாள். கேட்ட மேடம் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே தரையில் மண்டியிட்டுத் தலை குனிந்தாள். "எனக்குத் தெரியாது. என் அம்மா எனக்குச் செய்ததைத்தான் செய்தேன்."

உலகம்மாள் பதறிப்போனாள். இருபது வருஷத்தில் எந்த வீட்டுக்காரியும் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. "ஐயோ, எந்திரிங்கம்மா!" என்று தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடம் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். சிப்பி. "இதிலும் செய்யலாம். சாப்பிடுவீர்களா?"

உலகம்மாளே கடற்கரைக்குப் போய் சிப்பி வாங்கி வந்தாள். இருவரும் சேர்ந்து கழுவி, ஓடு நீக்கி, பாசியோடு கொதிக்க வைத்தார்கள். சாயங்காலம் ஒரு கிண்ணத்தை மகளிடம் நீட்டினாள்.

அனுஷா மெதுவாகக் குடித்தாள்.

"குமட்டுதாட்டி?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா, முன்னத்தது இன்னும் ருசியா இருந்துச்சு."

உலகம்மாள் பக்கத்து வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு சட்டென்று போய் வாசல் கதவைச் சாத்தினாள்.