சந்தனம் பட்ட ஐந்து ரூபாய்கள்

யாருடைய சட்டைப்பையிலும் கிடக்கும் ஐந்து ரூபாய்க் காசில் சேர்த்து வைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே கஜேந்திரன் களைத்துப்போயிருந்தார். அரிய காசென்றால் தேய்ந்திருந்தாலும் மதிப்புண்டு. எங்கும் கிடைக்கும் காசுக்கோ, அச்சிலிருந்து விழுந்த அன்றைய மினுக்கம் ஒன்றே மதிப்பு. அது போனால் வெறும் சில்லறை. இந்தச் சிறு நியாயம்கூடப் பதுளைக் கடைவீதியில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

தம் பலசரக்குக் கடைக்கு வங்கியிலிருந்து புதுக்காசு வரும்போதெல்லாம், விளிம்பைப் பிடித்தே எடுத்து, ஆண்டுக்கொன்றாகப் பிளாஸ்டிக் உறையிலிட்டு வைத்தார். ஓர் ஆண்டின் காசு மட்டும் வாய்க்கவேயில்லை. ஆயுத பூசைக்கு மறுநாள், அதைப் பண்டாரவளை ஹபீஸ் கொண்டுவந்திருந்தார். அவருக்கும் இதே பித்து. கஜேந்திரனிடம் இரட்டையாக இருந்த ஒன்றை மாற்றாகக் கேட்டிருந்தார்.

கடைக்கு மேலிருந்த அறையில் கஜேந்திரன் பெட்டியைத் திறந்தார். உறைகள் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. காசுகள் வெளியே, வரிசையாக, ஒவ்வொன்றின் நடுவிலும் காய்ந்த சந்தனமும் குங்குமமுமாகக் கிடந்தன.

"கனகம்!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நான்தாங்க வச்சேன். தராசுக்கு வச்சேன், கல்லாப்பெட்டிக்கு வச்சேன். உங்க உசுரே இதுலதான இருக்கு, இத மட்டும் விட்டுட்டா நல்லாவா இருக்கும்? பிளாஸ்டிக்குக்கு மேல வச்சா சாமிக்குப் போய்ச் சேராதேன்னு வெளிய எடுத்துத்தான் வச்சேன்."

ஹபீஸ் ஒன்றை எடுத்து, ஈரத்துணியால் ஒற்றி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். சந்தனம் போயிற்று, அதனடியில் மங்கல் வட்டமொன்று தங்கிவிட்டது.

"தொடச்சா கீறல், விட்டா கறை. இனி ஒண்ணும் செய்யேலாது கஜேந்திரன்," என்றவர், தம் காசை நீட்டினார். "இத சும்மா வச்சுக்கோங்க."

"வேணாம். இத்தனை மங்கலுக்கு நடுவுல இது ஒண்ணு மினுங்கினா, பாக்கிறப்பல்லாம் வயித்தெரிச்சல்தான். கொண்டு போங்க."

ஹபீஸ் படியிறங்கிப் போனார்.

"தொடாத, தொடாதன்னு இத்தனை வருஷமாச் சொன்னீங்க," என்றாள் கனகம். "ஏன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?"

ஊராருக்கெல்லாம் விளக்கம் சொல்லி ஓய்ந்த வாய், வீட்டில் திறந்ததேயில்லை. கஜேந்திரன் காசுகளை அள்ளினார். முதன்முறையாக முழுக் கையால், விரல் ரேகைகள் படிய அள்ளினார். கீழே இறங்கிக் கல்லாவின் சில்லறைக் குழியில் கொட்டினார்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி கோதுமை மா வாங்க வந்தாள். மிச்சக் காசில் அவற்றிலொன்றையும் வைத்துக் கொடுத்தார். அவள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னங்க முதலாளி, மறுபடி அஞ்சு ரூபாயா? இத வச்சு ஒரு டொஃபிகூட வாங்க முடியலைங்க. தாளா இருந்தாத் தாங்களேன்."

கஜேந்திரன் காசை வாங்கிக்கொண்டு, தாளைத் தேடினார்.