நாலாம் லைனின் முழு வருகை

காலை ஒன்பதே காலுக்கு அடித்த போனைப் பரிமளா எடுக்காமல் இருந்திருக்கலாம். ஷூ கம்பெனியில் நாலாம் லைனுக்கு லீடரான அவள் மேசையில் இருக்கிற அந்தப் போன், ஊசி வந்துவிட்டது, நூல் வரவில்லை என்று சொல்வதற்குத்தான் அடிக்கும். தொழிலாளர்களின் செல்போனெல்லாம் கேட்டிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். இன்றைக்குக் கேட்டிலிருந்து செக்யூரிட்டி லைன் கொடுத்தார். பேசியது எஸ்தரின் அண்ணன் பீட்டர்.

"அக்கா, நைனா பூட்டாரு. எஸ்தர அனுப்பி வுடுங்க. ஜனமெல்லாம் வந்துகினு கீது."

எஸ்தரின் அப்பா இறந்துவிட்டார். சரி என்று சொல்லி வைத்தாள். எஸ்தர் மூன்றாவது மெஷினில் ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம்கூட இல்லை. எழுந்து போய்ச் சொல்ல வேண்டியதுதான். பரிமளா எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்க விடாதது சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் அட்டை. ஆபீஸ் சுப்ரஜா மேடம் கொண்டுவந்த திட்டம் அது. லீடரையும் சேர்த்து லைனில் இருக்கிற பத்துப் பேரும் மூன்று மாதம் அரை நாள்கூட லீவு போடாமல் வந்தால் ஆளுக்கு ஆறாயிரம். லைன் லீடருக்குப் பர்மனென்ட். ஒருத்தி தவறினால் பத்துப் பேருக்கும் பட்டை நாமம். மேடம் இதற்கு 'டீம் ஸ்பிரிட்' என்று பெயர் வைத்திருந்தார். ஆளுக்கு ஒன்பது காவல்காரிகளைச் சம்பளமில்லாமல் போட்டுக்கொடுத்த திட்டத்துக்கு நல்ல பெயர்தான்.

அந்த மூன்று மாதத்தின் கடைசி நாள் இன்று. மூன்றரைக்கு ஷிப்ட் முடியும். அதற்கு முன்னால் வாசல் மெஷினில் விரல் வைத்து வெளியே போனால் அரை நாள் லீவு. பரிமளா ஒன்பது வருஷமாகக் காண்டிராக்டில் இருக்கிறாள். அடுத்த மாதம் வேலை உண்டா என்று ஒவ்வொரு மாதமும் காண்டிராக்டர் முகத்தைப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது.

டீ நேரத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். டீ வந்தது, போனது. எஸ்தர் மெஷினைவிட்டு எழவே இல்லை. அவள் தைத்துப் போடும் தட்டு மட்டும் மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு நிறைந்திருந்தது. சூப்பர்வைசர் வேதகிரி அதைக் காட்டி, இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே பெட்டியை மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது. குடிக்காமலே தண்ணீர்க் குழாய்வரை போய்த் திரும்பினாள். நூல் அறுந்ததற்காக ஒரு பெண்ணைக் காரணமில்லாமல் திட்டினாள். செத்தவர் இனி எங்கே போய்விடப் போகிறார், சாயந்தரம்வரை இருக்கத்தானே போகிறார் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்புக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பத்தரை, பதினொன்று, பதினொன்றே முக்கால். கடிகாரம் அவளை வேண்டுமென்றே சோதித்தது.

செப்டம்பரில் எஸ்தர் இதே நைனாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு நாள் லீவு போட்டாள். லைனுக்கு அந்த மூன்று மாதக் காசு போயிற்று. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் யாரும் அவளுக்கு இடம் விடவில்லை. உத்திரமேரூரிலிருந்து கம்பெனிவரை நின்றுகொண்டே வந்தாள். அன்றைக்கு மட்டுமல்ல, அந்த மாதம் முழுக்க. இடம் விடக் கூடாது என்று சொன்னவள் பரிமளா.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. எஸ்தர் தன் டப்பாவைத் திறக்காமல் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டுக் கைகழுவும் குழாய்ப் பக்கம் போனாள். பரிமளா பின்னாலேயே போய் அவள் தோளைத் தொட்டாள். சொல்லிவிட்டாள். ஒன்பதே காலுக்கே போன் வந்ததையும், தான் மறைத்ததையும் சேர்த்தே சொன்னாள்.

எஸ்தர் குழாயை மூடினாள்.

"தெரியும்க்கா. காத்தால நாலு மணிக்கே பூட்டாரு. நான்தான் வாய்ல பால் ஊத்தினேன்."

மீதியையும் சொன்னாள். சவப்பெட்டியைச் சாயந்தரம் ஐந்து மணிக்கு எடுக்கும்படி எஸ்தரே பாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். பீட்டருக்குத்தான் மனசு கேட்காமல் போன் செய்துவிட்டான்.

"ஏண்டி வந்த?"

"மறுபடியும் அப்பிடி நின்னுகினு வர என்னால ஆவாதுக்கா."

பரிமளா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குழாயைப் பார்த்தாள். இப்போதே கிளம்பு என்று கெஞ்சினாள். எஸ்தர் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"இன்னும் மூணு மணி நேரந்தான. ஒன்பது பேரு காசு. உனுக்குப் பர்மனென்ட்டு. என்னால எதுக்குப் போவணும்?"

சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். மணி அடிக்கும் முன்பே ஊசி ஓடத் தொடங்கியது.

சாப்பாடு முடிந்த மணி அடித்து மற்ற மெஷின்களும் ஓடத் தொடங்கின. பரிமளா வாசல் மெஷினை நோக்கி நடந்தாள். வேதகிரி எதிரே வந்து, எங்கே போகிறாய், இன்றைக்கு என்ன நாள் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். விரலை வைத்தாள். விரல் வேர்த்திருந்ததால் முதல் தடவை எடுக்கவில்லை. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மெஷின் "தேங்க் யூ" என்றது.

வாசலில் நின்றபடியே லைனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"எஸ்தரு, நான் அவுட் பன்ச் பண்ணிட்டேன். லைன் போச்சு. இனிமே நீ குந்திகினு இருந்தாலும் யாருக்கும் காசு வராது. வா, நைனாகிட்ட போலாம்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. உனக்குப் பைத்தியமா என்று ஒருத்தி கத்தினாள். யாருக்கு என்ன ஆயிற்று என்று இன்னொருத்தி கேட்டாள். எஸ்தர் மட்டும் கையில் இருந்த தோலைத் தட்டில் வைத்துவிட்டு, மெஷின்மேல் தலையைச் சாய்த்து அன்றைக்கு முதல்தடவையாக அழுதாள்.

உத்திரமேரூர் பஸ் காலியாக வந்தது. எஸ்தர் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள், பரிமளா பக்கத்தில். நாளைக் காலை கம்பெனி பஸ்ஸில் தனக்கு யாரும் இடம் விடப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். எஸ்தர் எத்தனை நாள் நின்றாள் என்று எண்ணிப் பார்த்தாள். இருபத்துமூன்று நாள்.