வாசலில் தொங்கிய கடவுச்சொல்

சபீனா என்ற பெயரைக் கேட்டாலே பெர்லினுக்கு வயிறு எரிந்தது. யாரும் கேட்காத வரைக்கும் அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

எரியாமல் என்ன செய்யும்? மெட்டுகுடா தமிழ்ச் சபையில் கம்ப்யூட்டர் என்றால் ஆறு வருஷமாகப் பெர்லின்தான். ஜெப விண்ணப்ப நோட்டை எங்கோ மறந்து வைத்துவிட்டு பாஸ்டர் சாம்ராஜ் தவித்தபோது, ஒரு கம்ப்யூட்டர் கருவி எழுதிக் கொடுத்தவள் அவள். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசுவதில்லை, எல்லாம் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஓடும் அந்தச் சின்ன சர்வருக்குத் தெரியும். பாஸ்டர் அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் இருக்கும் ஏஐ உதவியாளரிடம் சாதாரணத் தமிழில் கேட்பார். அது சர்வரைக் கேட்டுப் பதில் சொல்லும். வரும்போது காபி, போகும்போது பாராட்டு. பெர்லினுக்கு வேறு சம்பளம் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் சபீனா வந்து சேர்ந்தாள். போலாரத்துப் பெண். கொண்டாப்பூரில் பெரிய கம்பெனியில் வேலை. கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்து நாலே மாதம். மஸ்கட்டிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம் பிள்ளைகளும் அங்கிருந்தே விண்ணப்பம் போட வழி உண்டா என்று கமிட்டிக் கூட்டத்தில் பாஸ்டர் கேட்டதுதான் தாமதம், அவள் எழுந்து நின்றாள்.

"அக்கா செஞ்சது ரொம்ப நல்லா இருக்கு ஐயா. ஆனா அப்படியே வெளிய திறந்துவிடக் கூடாது. வெளியில இருந்து சர்வருக்கு வர டன்னல்னு ஒரு தனி வழி போட்டு, ஆளுக்கு ஒரு சாவி, அதாவது தனிப் பாஸ்வேர்டு, கொடுக்கணும். அவங்கவங்க எழுதினது மட்டும் அவங்கவங்களுக்குத் தெரியணும். எல்லாத்தையும் பாக்குற சாவி உங்களுக்கு மட்டும். யாரு எதைப் பாத்தாங்கன்னு பதிவும் இருக்கணும்."

"படிச்ச பொண்ணு" என்றார் ஒருவர். பெர்லின் என்ன படிக்காதவளா? பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் டீச்சர்.

"நக்கோ சபீனா, வேணாம், உனக்கு எதுக்கு சிரமம்? ஞாயித்துக்கிழமைக்குள்ள நானே போட்டுடறேன்" என்றாள் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் தன் விண்ணப்பம் ஒன்றைத்தான் தட்டினாள். நேரில் பாஸ்டரிடம் சொல்ல வாய் வராத விஷயம். 'சபீனாவைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை. நான் பெற்ற பேரை அவள் தட்டிக்கொண்டு போகிறாள். ஆண்டவர் இந்தப் பொறாமையை என்னைவிட்டு எடுக்க வேண்டும்.' பாஸ்டருக்கு மட்டும் என்று குறிப்புப் போட்டாள். வரிசையில் அது நாற்பத்தொன்றாவது.

டன்னல் பத்து நிமிஷத்தில் முடிந்தது. சாவிதான் இழுத்தது. வீட்டுக்கு வீடு தனிச் சாவி, ஒவ்வொன்றுக்கும் எதைப் பார்க்கலாம் என்ற தனி வரம்பு என்றால் ஒரு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாவிட்டால் வேலை சபீனாவுக்குப் போய்விடும். அதனால் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் வைத்தாள், யாருக்கும் மறக்காததாக. புத்தாண்டு ஆராதனையில் சபைக்குக் கொடுக்கிற வாக்குத்தத்த வசனம் இருக்கிறதே, அதன் பைபிள் புத்தகப் பெயர், அதிகாரம், எண். எந்த வீட்டுக் காலண்டரிலும் அது உண்டு. சபை வாசலில் தொங்கும் பேனரிலும் உண்டு. அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தே படிக்கலாம்.

ஞாயிறன்று பாஸ்டர் பெர்லினை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். சபீனாவும் தட்டினாள். அன்று மத்தியானச் சாப்பாடு பெர்லினுக்குத் தனி ருசியாக இருந்தது.

திங்கட்கிழமை சபீனாவிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, பாஸ்வேர்டை உடனே மாத்திடுங்க. வாசல் பேனர்லயே இருக்கு. உள்ள போனா எல்லார் விண்ணப்பமும் தெரியுது.' பெர்லின் படித்தாள். சபீனாவுக்குப் பொறுக்கவில்லை, குறை கண்டுபிடிக்கிறாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

புதன்கிழமை மாலை மரியபுஷ்பம் பாஸ்டர் அறைக்கு வந்து நின்றாள். லாலாகுடா குவார்ட்டர்ஸில் இருக்கிறவள். மார்பில் கட்டி, வெள்ளிக்கிழமை டெஸ்ட். பாஸ்டரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை; அவர் அதைக் கருவியில் ஏற்றியிருந்தார். மஸ்கட்டில் இருக்கும் மகன் கிதியோன், அம்மா என்ன விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்று கருவியிடம் சும்மா கேட்டிருக்கிறான். அது அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டது.

"அங்க தனியா உக்காந்து அழறான் ஐயா. ரிசல்ட்டு வந்தப்புறம் நானே பக்குவமாச் சொல்லலாம்னு இருந்தேன். கைக்கு ஐயா, எதுக்கு இப்படிப் பண்ணீங்க? உங்களை நம்பித்தானே சொன்னேன்?"

பாஸ்டர் பெர்லினையும் சபீனாவையும் வரச்சொன்னார். "இது எப்படி நடந்துச்சு?" என்று கேட்டார். பெர்லினுக்கு மரியபுஷ்பத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சாவி வேலை முடியறதுக்கு முன்னாடியே திறந்துட்டோம் ஐயா" என்றாள் சபீனா. "எங்க ரெண்டு பேர் தப்புதான். இப்பவே போய் மூடிடறோம்."

பெர்லின் வீட்டில் டன்னலை மூடினார்கள். வேறு யார் எதைப் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டுமே, பதிவைத் திறந்தார்கள். பெயர் கேட்கும் இடத்தில் எதை எழுதினாலும் உள்ளே விடும்படி அமைத்திருந்தாள் பெர்லின். மொத்தம் இரண்டே வரி. ஒன்று கிதியோன். இன்னொன்று, 'சபீனா, திங்கள், மதியம் ஒன்று பத்து. பட்டியல். விண்ணப்பம் நாற்பத்தொன்று.'

நாற்பத்தொன்று பெர்லினுடையது.

"பூட்டு சரியா இருக்கான்னு பாக்கத்தான் போனேன் அக்கா" என்றாள் சபீனா, திரையைப் பார்த்தபடியே. "பட்டியல்ல என் பேரு இருந்துச்சு. தொட்டுட்டேன். படிச்சிருக்கக் கூடாது."

"ரெண்டு நாளா உனக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு உன் தலையிலயும் பழியைப் போட்டுக்கிட்ட?"

"அந்தப் பொறாமை போகணும்னுதானே ஜெபம் கேட்டிருந்தீங்க?"

பெர்லினுக்குக் கண் கலங்கியது. கூடவே வயிறும் எரிந்தது, முன்னைவிட அதிகமாக. வேலையும் சுத்தம், மனசும் சுத்தம். ஒரு மனுஷிக்கு ஏதாவது ஒன்றாவது குறையக் கூடாதா?

போனை எடுத்து பாஸ்டரைக் கூப்பிட்டாள்.

"ஐயா, திறந்துவிட்டது நான் மட்டும்தான். சபீனா திங்கக்கிழமையே சொன்னா, நான் கேக்கலை. மரியபுஷ்பம் அக்கா வீட்டுக்கு இப்பவே போறேன். அவங்க காலைப் பிடிச்சாவது மன்னிப்புக் கேக்கணும்."

சபீனா நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு பெரிய மனசு என்று அவள் நினைத்திருக்கலாம். பெர்லின் மறுத்துச் சொல்லவில்லை. பழியைச் சுமந்த நல்ல பேர் சபீனாவுக்குப் போவதைப் பொறுக்க முடியாமல்தான் பேசினாள் என்பது, அடுத்த விண்ணப்பத்தில் எழுத வேண்டிய விஷயம்.

செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தச் சாவி வேலையை நீ ஆரம்பிச்சு வை" என்றாள். "என்னோட சாவிக்கு எல்லாத்தையும் பாக்குற வரம்பு வேணாம்."