ஓய்வு நாளில் மூட்டிய அடுப்பு

ஆவடி குவார்ட்டர்ஸில் ஹன்னாவின் வீட்டை எல்லோரும் ‘சனிக்கிழமைக்காரங்க ஊடு’ என்றுதான் சொல்வார்கள். அவள் கணவர் சாலமன் டாங்க் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கொங்கணக் கரையிலிருந்து வந்த யூதர்கள். வீட்டில் பேசுவது மராத்தி. பெயரைக் கேட்டு வேதக்காரர்கள் என்று நினைத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹன்னா துணி துவைப்பதைப் பார்த்துக் குழம்பிப் போவார்கள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அம்பத்தூர், முகப்பேர் பக்கமிருந்து நாலைந்து குடும்பங்கள் வந்து சேர்ந்துவிடும். மறுநாள் பொழுது சாயும்வரை அந்த வீட்டில் தீ மூட்டமாட்டார்கள். யாரும் வண்டி ஏறமாட்டார்கள். முதல் நாளே சமைத்து வைத்த சாப்பாடு, ஜெபம், பாட்டு. கோயில் இல்லாத அந்தச் சபைக்கு ஹன்னாவின் கூடம்தான் கோயில்.

எண்பத்தைந்தாம் வருஷத்துப் பெருமழை ஓய்ந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீரும் பள்ளிக்கூடம் போகிற வழியில் இடுப்புத் தண்ணீரும் நின்றன. சாக்கடையும் குடிதண்ணீரும் ஒன்றாகக் கலந்தன. வாந்தி பேதி பரவியது. பின்வரிசை வீடு ஒன்றிலிருந்து ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சுகாதார நர்ஸ் கஸ்தூரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீடு வீடாகச் சொல்லிவந்தாள்.

“அக்கா, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல காலரா ஊசி. காலைலயே வந்துடுங்க. அத்தினி பேரையும் இட்டுகினு வாங்க.”

ஹன்னா தயங்கினாள். “நாளைக்கு எங்களுக்கு ஓய்வு நாளாச்சே, கஸ்தூரி.”

“காலராவுக்கு ஏதுக்கா ஓய்வு நாளு?” என்று சிரித்துவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஜெபத்தின் நடுவில் ஒலிபெருக்கி கட்டிய லாரி ஊசி போட அழைத்துக்கொண்டு போனது. ஜெபம் முடிந்ததும் சாலமன் பேச்சை எடுத்தார்.

“உயிருக்கு ஆபத்துன்னா ஓய்வு நாள் சட்டம் குறுக்க நிக்காது. நடந்தே போய்ட்டு வந்துடுவோம்.”

எல்லோருடைய கண்ணும் எசேக்கியேல் காகாவின் பக்கம் போயிற்று. சபையில் மூத்தவர் அவர். எபிரேய மொழி ஜெபங்களை மனப்பாடமாகச் சொல்லி வழிபாட்டை நடத்துகிறவர். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. வாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்ட மனிதர் அந்தத் தண்ணீரில் எப்படி நடப்பார்? தள்ளாத கிழவிகள் வேறு இரண்டு பேர்.

“என்னை விடுங்க. நீங்க போங்க” என்றார் காகா.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவரை விட்டுவிட்டுப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து, அவர் முகத்தில் எப்படி விழிப்பது? ஹன்னா மூடிவைத்த குடத்தைப் பார்த்தாள். வீட்டில் இத்தனை பேரும் குடிப்பது அந்த ஒரே தண்ணீர்.

உச்சிவேளையில் வாசலில் குரல் கேட்டது. கஸ்தூரி! இடுப்புவரை நனைந்திருந்தாள். ஐஸ் போட்ட பிளாஸ்க்கைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தாள்.

“இன்னாக்கா, உங்காளுங்க ஒருத்தரையும் காணோம். கண்ணு வழிமேலயே கீது. கேம்ப்பு முடிஞ்சிடுச்சு. மிச்சத்த எடுத்துகினு ஆபீசுக்குப் போலாம்னாரு ஹெல்த் இன்ஸ்பெக்டர். சனிக்கிழமைக்காரங்க ஊட்டாண்ட ஒரு நடை போய்ட்டு வந்துடறேன் சார்னு கெஞ்சி வாங்கியாந்தேன்.”

ஹன்னா ஒரு துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள்.

கஸ்தூரி பையிலிருந்து கண்ணாடி ஊசிகளை எடுத்து வைத்தாள். “இதெல்லாம் கொதிக்க வெக்கணும். ஸ்டவ்வக் கொஞ்சம் பத்த வைக்கா.”

பொழுது சாயும்வரை இந்த வீட்டில் தீ மூட்டக்கூடாது என்று ஹன்னா சொன்னாள். கஸ்தூரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அதுக்கின்னா? நானே பத்த வெக்கிறேன். இல்லாங்காட்டி எதிர்ல நாகம்மா ஊட்ல கொதிக்கவெச்சு எடுத்தாரேன்.”

“வேணாம்மா” என்றார் காகா. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “உயிரைக் காப்பாத்தற காரியத்தை ஓய்வு நாள்ல அடுத்தவங்க தலையில கட்டக்கூடாது. சபையில மூத்தவன்தான் முதல்ல செய்யணும். எங்க பெரியவங்க அப்படித்தான் சொல்லிவெச்சிருக்காங்க. ஹன்னா, தீப்பெட்டி எங்கே?”

எழுபது வயதுக்கு மேல் ஆனவர். நினைவு தெரிந்த நாளிலிருந்து சனிக்கிழமையில் ஒரு தீக்குச்சியைத் தொட்டதில்லை. சமையற்கட்டுவரை காலை இழுத்துக்கொண்டு நடந்தார். முதல் குச்சி முறிந்தது. அடுத்தது நமத்துப்போயிருந்தது. ஹன்னா உதவப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தார். ஒருவழியாகத் திரி பற்றிக்கொண்டு நீலமாக எரிந்தபோது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பின்னால் நின்ற கிழவிகள் “ஆமேன்” என்றார்கள். ஹன்னா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் ஊசி காகாவுக்கு. கடைசி ஊசி ஹன்னாவுக்கு.

அன்று சாயங்காலமே பாதிப் பேருக்குக் கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. இரண்டு நாளில் எல்லாம் சரியாயிற்று. பின்வரிசையில் இன்னும் சிலர் நோயில் படுத்தார்கள். ஹன்னாவின் கூடத்தில் ஜெபம் செய்தவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊசியா, அதற்குப் பிறகு காய்ச்சிக் குடித்த தண்ணீரா, ஆண்டவனா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டாள்.

தெருத் தண்ணீர் வடிந்ததும் ஒரு நாள் மாலை மலீதா வைத்தார்கள். ஆபத்து நீங்கினால் எலியா தீர்க்கதரிசியின் பேரைச் சொல்லிக் கடவுளுக்கு நன்றி செலுத்துவது அவர்கள் வழக்கம். ஊறவைத்த அவலில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி வைத்திருந்தாள் ஹன்னா. கஸ்தூரியை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். புரியாத பாஷையில் நீண்டுகொண்டே போன ஜெபத்தின் நடுவில் தன் பேர் வந்ததும் அவள் திடுக்கிட்டாள்.

“எம்பேரு இன்னாத்துக்குக்கா சாமிகிட்ட? நான் என் வேலையத்தானே பார்த்தேன்.”

காகா அதைக் கேட்டுவிட்டார். “உன் வேலை பள்ளிக்கூடத்துல முடிஞ்சுபோச்சும்மா. அதுக்கப்புறம் இடுப்புத் தண்ணியில இறங்கினியே, அதை வேலைன்னு சொல்லாதே.”

கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். ஹன்னா இலையில் அவலை வைத்து அவள் கையில் கொடுத்தாள். ஒரு வாய் போட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“அக்கா, எங்கூட்ல கிருஷ்ண ஜெயந்திக்குப் பண்றதாட்டமே கீது!”

“அப்படின்னா இன்னும் கொஞ்சம் சாப்பிடு” என்று ஹன்னா மறுபடியும் அள்ளி வைத்தாள்.