தலைமாற்றி மாட்டிய சரம்

மூன்றாவது முறையும் கைப்பேசி திறக்கவில்லை. அவளுடைய வலது கட்டைவிரலைச் சட்டை நுனியால் துடைத்து, கண்ணாடியின் மேல் வைத்து, மெல்ல அழுத்திப் பார்த்தான். 'விரலை மீண்டும் வைக்கவும்' என்று திரையில் வந்தது.

"பாஸ்வேர்டு தெரியாதா மாப்ள?" அவளுடைய அண்ணன் பின்னால் நின்றிருந்தான்.

"தெரியாது."

"நாலு வருஷம் ஒண்ணா இருந்திருக்கீங்க."

"கேட்டதில்ல மச்சான். கேட்டா சொல்லியிருப்பா."

கையை மடித்துப் போர்வைக்குள் வைத்தான். முன்னறையில் சோபாவை நகர்த்திவிட்டு அவளைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். நேற்று முன்தினம் காலை தலை வலிக்கிறது என்றாள். மாத்திரை எடுத்துவர உள்ளே போனான். திரும்பி வருவதற்குள் சமையல் மேடையோரம் விழுந்திருந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். முப்பத்தோரு வயது.

மணி ஐந்து இருபது. நாலரைக்கு வர வேண்டிய அமரர் ஊர்தி இன்னும் வரவில்லை. ஆறு மணிக்கு விளக்குகள் எரியும்.

அதை அவனேதான் மதியம் சொன்னான். யாரோ காபி டம்ளரை நீட்டியபோது, "சாயங்காலம் ஆறு மணிக்கு லைட் எரியும்" என்றான். முதலில் யாருக்கும் புரியவில்லை.

ஆண்டு முடிவு விடுமுறைக்கு வீட்டு முகப்பில் விளக்குப் போடுவது அவளுடைய பைத்தியம். அலுவலகத்தில் போக்குவரத்து சிக்னல்களுக்கு நேரம் குறிப்பவள். வீட்டில் அதே கையால் சீரியல் பல்புகளை ஆட்டிவைப்பாள். ஒவ்வொரு பல்பும் எப்போது, என்ன நிறத்தில், எத்தனை நொடி எரிய வேண்டும் என்று கைப்பேசியிலேயே ப்ரோகிராம் எழுதி, கூரையோரம் இருக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்கு அனுப்பிவிடுவாள். போன வருடம் செய்ததற்குத் 'தும்மல்' என்று பெயர். எல்லா பல்பும் ஒன்றிரண்டாக நடுங்கும், அடங்கும், மறுபடி நடுங்கும், பிறகு ஒரேயடியாக வெடித்து எரியும். தெருவில் போகிறவர்கள் நின்று அதற்காகக் காத்திருந்தார்கள். எதிர்வீட்டம்மா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவர்கள் வீட்டு முன்னால் யாருமே நிற்கவில்லை என்று கோபம்.

இந்த வருடம் என்ன என்று அவனுக்குத் தெரியாது. கைப்பேசி திறந்தால் பார்த்துவிட்டு நேரத்தையாவது தள்ளிப்போடலாம். "முதல் நாள் பாத்துக்கோ. அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்றாள். இன்றுதான் முதல் நாள்.

"மெயினை அணைச்சிட்டா தீந்துச்சு" என்றான் மைத்துனன். "இதுக்குப் போயி போனோட மல்லுக்கட்டிக்கிட்டு."

"கரண்ட் போனா ப்ரோகிராம் அழிஞ்சிடும். சேவ் பண்ணல அவ. ஒரு நாள் ஓடட்டும், பாத்து திருத்திட்டுப் பண்றேன்னா."

"பல்பு ஒயரை மட்டும் கழட்டலாமே."

"கன்ட்ரோலருக்கும் பல்புக்கும் ஒரே ஒயர். மழைத்தண்ணி போகக்கூடாதுன்னு மூடியை பசை போட்டு ஒட்டிட்டா."

மைத்துனன் உள்ளறைப் பக்கம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மாப்ள, ஆறு மணிக்கு இந்தத் தும்மல் கிம்மல் ஏதாச்சும் வந்துச்சுன்னு வைங்க. பெட்டி நடுவீட்ல இருக்கு. அம்மா உள்ள படுத்திருக்காங்க. யோசிச்சுப் பாருங்க."

அதைத்தான் அவன் மதியத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தான்.

மாமனார் சன்னலோரம் நாற்காலியில் இருந்தார். செருப்பைக் கழற்ற மறந்திருந்தார். மைத்துனன் வண்டி ஓட்டுநருக்குப் போன் போட்டுவிட்டு வந்து, "பாலத்துக்கிட்ட சிக்னல்ல மாட்டிக்கிட்டாங்களாம்பா. ஒரே நெரிசலாம்" என்றான்.

"நாலு ரோடு சேருதே, அதுவா?"

"அதான்."

"அது அவ போட்டது." மாமனார் அவனைப் பார்த்துச் சொன்னார். "தொண்ணூறு செகண்டு. ஜாஸ்திம்மா, வண்டிக்காரன் திட்டுவான்னு சொன்னேன் மாப்பிள்ளை. நடக்கறவங்களுக்கு வேணும்ப்பா, வயசானதுங்க பாதி ரோட்ல நிக்குதுங்க, நானே வாட்ச்சும் கையுமா நின்னு பாத்தேன்னா." சிரிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. "பாருங்க, தன் வண்டியவே நிறுத்தி வெச்சிருக்கா."



அவன் வெளியே வந்து விளக்குகளைப் பார்த்தான். எரியாதபோது அவை வெறும் ஒயர்தான். கேட்டிலிருந்து மதில் மேலாக வந்து, சன்னலுக்கு மேலே ஏறி, கதவு நிலையில் முடிகின்றன. எட்டுச் சரங்கள். எல்லாவற்றையும் ஏணியில் நின்று அவன்தான் மாட்டினான். சன்னலுக்கு மேலே இருந்ததைத் தலைமாற்றி மாட்டிவிட்டான். அந்தச் சரத்தில் பல்புகளின் வரிசை பின்னிருந்து முன்னாகப் போகும். எல்லாம் முடிந்து ஏணியை மடக்கிய பிறகு கவனித்தாள்.

"சார், ஒயர்ல அம்புக்குறி போட்டிருக்கானே, எதுக்கு? அழகுக்கா?"

"கழட்டி மாத்திடறேன்."

"ஆணியப் புடுங்க வேணாம். சொவரு தாங்காது. விடு, உன் தப்பையும் சேத்து எழுதிக்கறேன்."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைக் கேட்டிலிருந்து கதவு வரை நடக்கச் சொன்னாள். கையில் ஸ்டாப்வாட்ச். ஆபீஸ் வேலை என்று நினைத்தான்.

"சும்மா ஆபீஸ்லேர்ந்து வர்ற மாதிரி நட. போட்டோக்கு நடக்காத."

மூன்று முறை நடந்தான்.

"பத்தொன்பது செகண்டு. சார் கொஞ்சம் ஸ்லோதான்" என்று எழுதிக்கொண்டாள்.

எதிர்வீட்டம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கண் வீங்கியிருந்தது. "தம்பி, நாங்க எங்க லைட்ட அணைச்சிட்டோம். தெருவுலயே யாரும் இன்னிக்குப் போடல. எல்லார்கிட்டயும் நான் போய்ச் சொல்லிட்டேன்."

"சரிங்கம்மா."

"வேற ஏதாச்சும் செய்யணுமா?"

அவன் தெருவைப் பார்த்தான். இருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு வீட்டிலும் முகப்பு விளக்கில்லை.

வண்டி வந்தபோது ஐந்து ஐம்பத்தைந்து. ஓட்டுநர் இறங்கும்போதே மன்னிப்புக் கேட்டார். மைத்துனன் நேராகக் கதவுக்குப் பின்னால் இருந்த மெயின் சுவிட்சருகே போய் அதன் மேல் கையை வைத்தான்.

"மாப்ள, இப்பவே அணைச்சிடறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், பழி என்னோடதா இருக்கட்டும்."

"வேணாம் மச்சான்."

"தெருவே இருட்டா கெடக்கு. நம்ம வீட்ல மட்டும் கூத்தடிச்சா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

"தெரியல."

"என்ன பண்ணி வெச்சிருக்கான்னாச்சும் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான்."

மைத்துனன் கையை எடுக்கவில்லை. நாற்காலியிலிருந்து மாமனார் எழுந்தார். ஏதோ சொல்வார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் பெட்டியருகே வந்து, இடப்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஆள் கொறையுது, வா" என்றார் மகனிடம்.

மைத்துனன் வந்தான்.

நான்கு பேர் தூக்கினார்கள். அவனும் மைத்துனனும் முன்னால், மாமனாரும் ஓட்டுநரும் பின்னால். எடை அவன் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது. படியிறங்கிப் பாதையில் பாதிக்கு மேல் வந்திருப்பார்கள்.

கேட்டருகே ஒரே ஒரு பல்பு எரிந்தது.

மைத்துனன் நின்றான். எல்லோரும் நின்றார்கள். வெள்ளைகூட இல்லை, லேசான மஞ்சள். அது அணைய, அடுத்தது எரிந்தது. அடுத்தது. நிறம் மாறவில்லை, மினுக்கவில்லை. ஒரு புள்ளி மதில் மேல் வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவன் மாதிரி.

அவன் எண்ணத் தொடங்கியிருந்தான். ஆறு. ஏழு. புள்ளி அவர்களைத் தாண்டிப் பின்னால் போனது. கழுத்தைத் திருப்பினான். பன்னிரண்டு. சன்னலுக்கு மேலே ஏறியது. தலைமாற்றி மாட்டிய சரத்தில் அது பின்னோக்கி ஓடவில்லை, தாவவில்லை. நேராகப் போனது.

பத்தொன்பதில் கதவு நிலை முழுவதும் எரிந்தது. திறந்திருந்த கதவுக்குள் வெளிச்சம் விழுந்து, சோபா இருந்த இடத்து வெறும் தரை தெரிந்தது.

கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"மாப்ள" என்றான் மைத்துனன்.  "போலாமா?"

"போலாம்."

கதவு நிலை அணைந்தது. கேட்டருகே புள்ளி மறுபடி கிளம்பி வந்தது. அவர்கள் அதற்கு எதிராக நடந்தார்கள்.