யார் வாரம்

மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றிக் கீழே சாய்த்தார். இரண்டு பிரேக் பேடுகளையும் உருவித் தகரத் தட்டில் வைத்துப் பெரியவனிடம் நீட்டினார்.

“வெளிப்பக்கத்துது பாதி இருக்கு. உள்பக்கத்துதைப் பாருங்க.”

உள்பக்கத்துப் பேடில் தேய இனி எதுவும் இல்லை. இரும்பு மட்டும் பளபளத்தது.

“சக்கரத்து ஓட்டை வழியா நானே குனிஞ்சு பாத்தேனே. தடியாத்தானே இருந்துச்சு.”

“ஓட்டை வழியாப் பாத்தா வெளிப்பக்கம்தான் சார் தெரியும். உள்ள பிரேக்கு நகர்ற ஆணி இறுகிப்போச்சு, மொத்தப் பாரமும் இது தலையில.” கையைத் துணியில் துடைத்தார். “இனி இரும்பு மேல இரும்புதான். அவசரத்துக்கு நிக்காது. உங்க தம்பி சொல்லலையா? போன மாசமே அவர்கிட்ட சொல்லிட்டேனே.”

பெரியவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கார் அப்பாவுடையது. அவர் போன பிறகு அண்ணனும் தம்பியும் வாரம் மாற்றி வாரம் ஓட்டினார்கள். திங்கள் காலை சாவி கைமாறும். யார் வாரத்தில் எது கெடுகிறதோ, அதை அவர் சரிசெய்ய வேண்டும். சண்டை வராமலிருக்கப் போட்ட விதி. அதன் பிறகு யார் வாரத்திலும் எதுவும் கெடவில்லை. வைப்பர் கிழிந்தபோது மழைக்காலம் முழுவதும் இருவரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டினார்கள்.

இந்த வாரம் அவன் மகளைப் பள்ளியில் விட்டது இதே காரில்தான்.

“மாத்திடவா? மதியத்துக்குள்ள ஆயிடும்.”

“வேணாம். மாட்டிடுங்க.”

“இதையேவா?”

“நாளன்னைக்கு வண்டி அவன்கிட்ட போகுது.”

மெக்கானிக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நல்ல குடும்பம் சார்” என்றார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னான். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“நம்ம பொண்ணு அதுல உக்காந்திருந்தா.”

“அவனுக்குத் தெரிஞ்சே குடுத்திருக்கான். திங்கக்கிழமை வரட்டும், அவன் வாயாலயே வர வைக்கிறேன்.”

“திங்கக்கிழமை அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்கு உங்க தம்பிதான் கூட்டிட்டுப் போறார். இதே கார்ல.”

“சொல்லாம அனுப்பிடுவேனா? என்னை என்னன்னு நெனச்சே?”

அவள் மடித்த துணியை மறுபடியும் உதறி மடித்தாள்.

திங்கள் காலை சின்னவன் வந்தான். அம்மா அதற்குள் முன்சீட்டில் ஏறி, மருத்துவச் சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சின்னவன் சாவியை வாங்கினான். உடனே கிளப்பவில்லை.

“வண்டி எப்படிண்ணா? சத்தம் கித்தம் ஏதாவது?”

“எதுக்குக் கேக்கறே?”

“சும்மாதான்.”

“போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போறப்பவே கீச்சு கீச்சுன்னு கத்துச்சேடா” என்றாள் அம்மா. “பாக்கறேன்னு சொன்னியே?”

“எனக்கு எங்கம்மா நேரம்? வேலையை விட்டுட்டு வீட்ல உக்காந்திருக்கறது அண்ணன்தானே.”

பெரியவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான்.

“மாத்திட்டேன்” என்றான். “பிரேக் பேட். ஒரு மாசமா நீ தெரிஞ்சே வச்சிருந்தியே, அதை. என் பொண்ணை ஏத்திட்டுப் போற வண்டின்னு தெரிஞ்சே.”

சின்னவன் முகம் சுருங்கியது. ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, “சொல்லணும்னுதான் இருந்தேண்ணா” என்றான்.

“பெரியவன் பெரியவன்தான்” என்றாள் அம்மா.

அது இனித்தது. அந்த இனிப்பு இருக்கும்போதே கார் கிளம்பிவிட்டது.

இந்த ஒரு மாதமாகச் சின்னவன் அதை நோயாளியைக் கைபிடித்து நடத்துவதுபோல் உருட்டிக்கொண்டு போவான். தெருமுனைக்கு வெகு முன்பே கியரைக் குறைப்பான். ஏன் என்று பெரியவனுக்கு இப்போதுதான் புரிந்தது. இன்று அவன் குறைக்கவில்லை. நல்ல காரை ஓட்டுவதுபோல் ஓட்டிக்கொண்டு திரும்பினான். அந்தப் பக்கம் சிக்னல். அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குப் போகும் இறக்கம்.

பெரியவன் செல்போனை எடுத்தான். சின்னவன் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தான்.

“என்னண்ணா? சிக்னல்ல நிக்கறேன்.”

“மாத்தலடா.”

“எதை?”

“பேடை. மாத்தல. பொய் சொன்னேன். இறக்கத்துல எறங்கிடாதே.”

எதிர்முனையில் ஹாரன்கள் கேட்டன. பிறகு அம்மாவின் குரல்: “யாருடா, பெரியவனா? என்னவாம்?”

“ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லிச் சின்னவன் இணைப்பைத் துண்டித்தான்.

அம்மா டாக்சியில் போய் டாக்சியில் வந்தாள். காரை இறக்கத்துக்கு முன்னாலேயே சாலையோரம் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். மாலையில் சின்னவன் சாவியை மேசைமேல் எறிந்தான். உட்காரவில்லை.

“தெரிஞ்சே அம்மாவை ஏத்திவிட்டே.”

“நீ என் பொண்ணை ஏத்திவிட்டே.”

“சாவி கைமாறறதுக்கு முன்னாடியே கெட்டது. உன் வாரம்.”

“மெக்கானிக் உன்கிட்டதான் மொதல்ல சொன்னார். உன் வாரம்.”

கண்ணில் மருந்து விட்டு, இமைகளை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள் அம்மா. “ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்கடா” என்றாள். “பக்கத்து வீட்ல கேக்கும்.”

அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை விதிப்படி பெரியவன் வாரம் தொடங்கியது. மகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, சாலையோரம் நின்ற காரைத் தாண்டி வீட்டுக்கு நடந்து வந்தான்.