இரண்டு பூட்டுக் கப்பல்

கடலுக்கடியில் முந்நூறு வருடம் நிம்மதியாகக் கிடந்த கப்பலுக்கு, கரைக்கு வந்த பிறகுதான் தலைவலி. "எங்க ஆளுங்க கட்டின கப்பல்" என்றது ஒரு நாடு. "எங்க சரக்கோட எங்க கடல்ல முழுகினது" என்றது அடுத்த நாடு. தீர்ப்பு வரும்வரை பொது இடத்தில் இருக்கட்டும் என்று எங்கள் துறைமுகக் கொட்டகையில் பலகை பலகையாக அடுக்கினார்கள். அதை நனைக்கும் வேலை எனக்கும் என் மனைவிக்கும்.

அத்தனை காலம் ஊறிய மரம் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஈரச் சாக்கு போர்த்தி, தினமும் காலையில் குழாய் பிடிக்க வேண்டும். அதில் ஒரு பலகைமேல் எனக்குத் தனிப் பாசம். அதன் விளிம்பில் கயிறு ஓடி ஓடித் தேய்ந்த பள்ளம் ஒன்று உண்டு. இழுத்தவன் முதுகு என்ன பாடு பட்டிருக்கும் என்று என் முதுகுக்குத் தெரியும். அவன் எந்த நாடாக இருந்தால் என்ன, நம்ம ஆள்.

ஒருநாள் காலை போனால் கதவுக்குக் குறுக்கே புதிதாக ஓர் இரும்புச் சட்டம். இரண்டு முனையிலும் பூட்டு. பூட்டுக்கு ஒரு நாடு, நாட்டுக்கு ஒரு காவலர். ஒருவர் மீசைக்காரர், மற்றவர் கண்ணாடிக்காரர். இருவருக்கும் மொழி ஒன்றே என்பதால் சண்டைக்குக் குறைவில்லை.

"முதல்ல நான்தான் திறப்பேன். முதல்ல திறக்கிறவன்தான் வீட்டுக்காரன்" என்றார் மீசை.

"அப்போ நான் விருந்தாளியா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!" என்றார் கண்ணாடி.

"ஐயா, உள்ள மரம் காயுது" என்றேன்.

சரி, சேர்ந்தே திறக்கலாம் என்று மூன்று வரை எண்ணினார்கள். மீசை 'மூ'விலேயே சாவியைத் திருகினார். கண்ணாடி கத்தினார். நல்லவேளை, பூட்டு திறக்கவில்லை. சட்டத்தின் கனம் பூட்டை அழுத்திக்கொண்டிருந்தது. மீசை தன் முனையை மட்டும் தூக்கிப் பார்த்தார். சட்டம் சாய்ந்து இரண்டு பூட்டும் இன்னும் இறுகின. நான் கை கொடுக்கப் போனேன்.

"தொடாதே! காவலர் தவிர யாரும் தொடக் கூடாது, உத்தரவு!" இதை மட்டும் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வெயில் ஏறியது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். சாக்குகள் ஓரம் வெளுத்துவிட்டன. என் பலகைதான் ஜன்னலுக்கு நேர் கீழே.

மனைவி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "ஏங்க, ஆயுசு முழுக்க மூட்டை தூக்குனீங்களே, ஒண்ணு ரெண்டு எண்ணியா தூக்குனீங்க?"

சுருக்கென்றது. எங்கள் கூட்டத்தில் யாரும் எண்ணியதில்லை. பாட்டுக்காரன் 'ஏலேலோ' என்று ராகம் இழுப்பான். மூச்சைப் பிடித்து நிற்போம். 'ஐலசா'வில் எல்லாத் தோளும் ஒன்றாக எழும். முந்துகிறவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், அதனால் முந்தமாட்டான்.

"ஐயா, ஆளுக்கொரு கை சட்டத்துல, ஒரு கை சாவியில. நான் பாட்டை இழுக்கிறேன். 'ஐலசா' சொல்லும்போது தூக்கித் திருகுங்க."

"அரசாங்க வேலைய்யா இது" என்றார் கண்ணாடி.

"கனத்துக்கு அது தெரியுமாங்க?" என்றாள் மனைவி.

மீசைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்தார்கள். நான் தொண்டை கிழிய எடுத்தேன். "ஏஏ... லேலோ..."

"ஐலசா!"

சட்டம் நேராக எழுந்தது. இரண்டு பூட்டும் 'டக்' என்று வாய் திறந்தன. ஒரே ஒரு 'டக்'.

"நான்தானே முதல்ல?" என்றார் மீசை, மூச்சு வாங்க.

"ஒரே சத்தம்தான் கேட்டுச்சு" என்றாள் மனைவி.

நான் அதற்குள் குழாயோடு உள்ளே ஓடிவிட்டேன். சாக்கை விலக்கினேன். பலகையில் வெடிப்பு இல்லை. பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் நாங்கள் போவதற்கு முன்பே இருவரும் குனிந்து நின்றிருந்தார்கள். சட்டம்தான் எழவில்லை.

"இன்னிக்கு 'ஏலேலோ' என்னோடது" என்றார் கண்ணாடி.

"அதெப்படி? பெரிய நாடு நாங்க!"

"இதுக்கும் ஒரு கேஸ் போட்டுடாதீங்க, சாமி" என்றாள் மனைவி. நான் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள் முந்துவதற்குள் "ஏஏ... லேலோ..." என்று இழுக்க ஆரம்பித்தேன்.